தேடி வருகிறவரின் வரிசை

கள்ளக்குறிச்சி

செல்வப் பேத்திக்குத் தாத்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இணையதளத்தில் விஷயங்களை வகைப்படுத்தி, தேடி வருகிறவர் தடுமாறாமல் சென்றடையும்படி அமைக்கும் உத்தியோகம் உனக்குக் கிடைத்திருக்கிறதென்று உன் தகப்பனார் சொல்லக் கேட்டு, ஆயுளின் பெரும்பகுதியை நூலகத்தில் கழித்த எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. ஏனெனில் இது நம்மவர் ஒருவர் கை பட்ட வித்தை. சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி லண்டனுக்குப் பயிலச் சென்ற எஸ். ஆர். ரங்கநாதன், அங்கே கடையொன்றில் சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பல பொம்மைகள் செய்யும் மெக்கானோ சாமானைக் கண்டு, நூலின் பொருளையும் அவ்வாறே பல முகங்களாகப் பிரித்து வேண்டியபடி இணைக்கலாமென்று தெளிந்ததன் பயனே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. இன்று இணையக் கடையில் புடவையை விலை, நிறம், நெசவு என்று வடிகட்டித் தேடுகிறாயே, அதில் இயங்குவது அந்தத் தத்துவந்தான். 1998-இல் உன் துறைக்கு முதன்மையான நூல் செய்த ரோசன்பெல்டும் மோர்வில்லும் நூலகவியல் பயின்றவர்களே.

வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டுமென்பதை ரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தார். அதன் கனம் தெரிய வேண்டுமானால், கச்சிராயபாளையம் வழியே கல்வராயன் மலையேறி வெள்ளிமலையில் ஒரு பகல் உட்கார வேண்டும், குழந்தாய். 1976 வரை ஜாகீர்தார்களின் வசத்தில் இருந்த மலை அது. பட்டாவும் சாதிச் சான்றும் மலையாளிப் பழங்குடியினருக்கு எவ்வளவு அரும்பொருள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! மரவள்ளிக் காட்டு வேலையை விட்டு, கூலியிழந்து, கணினி வைத்திருப்பவரிடம் வரும் கிழவிக்குப் பேரனுக்குச் சான்று வேண்டுமென்பது தெரியும்; எந்த இலாகா தருகிறதென்பது தெரியாது. இணையதளத்துப் படிவமோ இலாகாவை முதலில் கேட்கிறது. அப்புறம் கடைசிப் பெயரைக் கேட்கிறது. குடும்பப் பெயர் நமக்கேது? வெறுமையாக விட்டால் கட்டம் சிவந்து நகர மறுக்கிறது. தட்டச்சு செய்யும் பையன் ஒரு படிவத்தில் தகப்பன் பெயரையும் மற்றொன்றில் தலைப்பெழுத்தையும் இட்டு நிரப்ப, இரண்டு காகிதங்களிலும் பெயர் ஒவ்வாமல் அவள் மறுபடியும் நடக்கிறாள். அந்தத் தளத்தை உபயோகிப்பவர் ஒருவரல்லர், இருவர் என்பதை அமைத்தவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

ஐந்து பேர் உபயோகிப்பதைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த ஐவரை உன் அலுவலகத்து மேஜைகளிலிருந்து பொறுக்காதே. அவர்கள் தடுமாறும்போது வழிகாட்டாமல், கை எங்கே நிற்கிறது, முகம் யாரைப் பார்க்கிறது என்று பொறுமையாய்க் குறித்துக்கொள். மேலதிகாரிகள் அழகைப் பற்றிப் பேசினால், விவாதத்தில் இறங்காமல் அந்தக் குறிப்பை அவர்கள் முன் வை.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, நீ அமைக்கும் பக்கங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டு வா. வெள்ளிமலைக்கு நானே அழைத்துப் போகிறேன்.