இருபத்திரண்டு மணி நேர ஊரடங்கு: தஞ்சோங் மாலிமில் வேற்றுக்கிரகப் படம் எடுக்கும் முறை

குறைந்த செலவில் வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படம் எடுப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை. கேரத் எட்வர்ட்ஸின் 'மான்ஸ்டர்ஸ்' (2010) படத்தில் முதன்மை நடிகர்கள் இரண்டே பேர். ராட்சத உயிர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சிச் செய்தியிலும் இடிந்த கட்டடங்களிலும் எச்சரிக்கைப் பலகைகளிலுமே தெரிகின்றன. 'தி வாஸ்ட் ஆஃப் நைட்' (2019) ஒரு வானொலி அறிவிப்பாளரையும் தொலைபேசி இணைப்பகப் பெண்ணையும் வைத்தே கதையை நகர்த்துகிறது. ஒரு கட்டத்தில் திரையே இருண்டு குரல் மட்டும் ஒலிக்கிறது.

தமிழில் 1963லேயே 'கலை அரசி' வந்துவிட்டது. ஏ. காசிலிங்கம் இயக்கிய அந்த எம்.ஜி.ஆர். படத்தில் வேற்றுக்கிரகத்தார் நாட்டைப் பிடிக்க வரவில்லை. தங்களிடம் இல்லாத இசையைக் கற்றுத்தர ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பானுமதிதான் அந்தப் பாடகி. வருகிறவர்களுக்கு இப்படி ஒரே ஒரு தேவை இருந்தால் படை, பீரங்கி, எரியும் நகரம் எல்லாம் திரைக்கதையிலிருந்து தாமாகவே கழன்றுவிடும்.

அடுத்தது கதைக்களம். மலேசியாவின் பேராக் மாநிலத் தென்கோடியில், பெர்ணாம் ஆற்றங்கரையில் இருக்கும் தஞ்சோங் மாலிம் இதற்குப் பொருத்தமான ஊர். 1952 மார்ச்சில், அறுக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவைக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் இவ்வூருக்கு அருகே மறைந்திருந்து தாக்கினார்கள். அதற்குத் தண்டனையாக பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேர ஊரடங்கு போட்டார்; அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்; தெரிந்ததை எழுதித்தரச் சொல்லி வீடு வீடாகத் தாள் கொடுத்து, மூடிய பெட்டிகளில் திரும்ப வாங்கினார். இதைவிடச் சிக்கனமான படையெடுப்புத் திரைக்கதை கிடைப்பது அரிது. 1952ஐ அப்படியே எடுத்தால் பழைய கார், உடை, கடைப்பலகை என்று செலவு ஏறும். காலத்தை இன்றைக்கு மாற்றி விதிகளை மட்டும் வைத்துக்கொள்வதே மேல். வானில் ஏதோ நிற்கிறது. ஊரார் இரண்டு மணி நேரம் மட்டுமே வெளியே வரலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெற்றுத்தாள் வருகிறது. தாளில் பக்கத்து வீட்டுக்காரர் யார் பெயரை எழுதினார் என்ற சந்தேகத்துக்கு வரைகலை தேவையில்லை. 2020இன் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அனுபவித்த பார்வையாளருக்கு மிச்சத்தை விளக்கவும் வேண்டாம்.

களம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயமாக இருந்தால் போதும்: ஒரு வரிசை வீடு, ஒரு மாரியம்மன் கோவில், ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம். விடியுமுன் மேற்பார்வையாளரான மண்டோர் பேர் கூப்பிடுகிறார். ஆட்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கிறார்கள். ஒரு பேருக்கு மட்டும் பதில் இல்லை. படத்தின் முதல் காட்சி இதுவாக இருக்கலாம். தோட்டத்துத் தமிழ் வாழ்க்கையைச் சிறு செலவில் படமாக்கும் வழியை தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) ஏற்கெனவே காட்டியிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இடம் தேடுவது நல்லது.

அனுமதி வேலையைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது. தோட்ட நிர்வாகியின் எழுத்துமூல ஒப்புதல், 1981இல் அமைந்த தேசியத் திரைப்பட வளர்ச்சி நிறுவனமான பினாஸின் தயாரிப்பு உரிமமும் படப்பிடிப்புச் சான்றும், உள்ளூர்ப் போலீசுக்குத் தகவல், டுரோன் பறக்கவிட்டால் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி ஆகியவை தேவை. பொம்மைத் துப்பாக்கியைத் தவிர்த்துவிடலாம். அது சட்டச் சிக்கலை வரவழைக்கும். நீண்ட கழியில் கட்டிய செம்பனை அரிவாள் திரையில் அதைவிட நன்றாக மிரட்டும். கோலாலம்பூரிலிருந்து வரும் நடிகர்களுக்கு வண்டி அமர்த்த வேண்டியதில்லை, கொமுட்டர் ரயில் தஞ்சோங் மாலிம்வரை வருகிறது.

மேற்குக் கரையில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. ஜூன், ஜூலை பரவாயில்லை. அப்போதும் மதியத்துக்குப் பின் இடி இறங்கும் என்று வைத்துக்கொண்டு வெளிக்காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் அந்தி வெளிச்சம் அரைமணி நேரம்கூட நிற்காது. அந்திக்காட்சியை முன்னதாக ஒத்திகை பார்த்து வைக்காவிட்டால் அன்றைய பொழுது போனதுதான்.

இரவுக் காட்சிகளைப் பகலிலேயே செம்பனை நிழலில் எடுக்கலாம்: சட்டகத்தில் வானம் விழாமல், வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து, வெண்சமநிலையை 3200 கெல்வினில் வைத்தால் நீலம் படியும். செம்பனை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசையில் நடப்படுவதால் எத்திசையில் கேமராவைத் திருப்பினாலும் ஒரு நீண்ட சந்து கிடைக்கும். உண்மையான இரவில் அந்தச் சந்தின் கடைசியில் ஒரு எல்.இ.டி. விளக்கை உயரக் கம்பத்தில் நிறுத்தி, நடுவில் மேடைப்புகை விட்டால் கப்பல் இறங்கிவிட்டது. கொசு ஒழிப்புப் புகை இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதில் நடிகர்களை நிறுத்தக்கூடாது. அதில் பூச்சிமருந்து இருக்கிறது. நாகம் நடமாடும் காடு என்பதால் எல்லோர் காலிலும் பூட்ஸ் இருக்க வேண்டும்.

இத்தகைய படத்தில் பாதி ஒலிதான், ஒதுக்கும் பணத்தில் நல்ல பங்கும் அங்கே போகட்டும். திருவிழாவில் அடிக்கும் உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலை 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து, கால்வாசி வேகத்தில் ஓட்டினால் சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கும். அந்த ஒலியைக் கேட்பவருக்கு எங்கோ கேட்டதுபோல இருக்கும், என்னவென்று தெரியாது. எலிகளைப் பிடிக்கத் தோட்டங்களில் கூடு வைத்து வளர்க்கும் கூகையின் கிறீச்சிடலை மாற்றவே வேண்டியதில்லை. ஆளில்லாத தோட்டத்தின் பூச்சிச் சத்தத்தையும் நீளமாகப் பதிவுசெய்து வைக்க வேண்டும். அது சட்டென்று நின்றுபோவதுதான் வந்தவர்களின் வருகை.

வரைகலைக் காட்சிகள் பத்துக்குமேல் போகாதிருப்பது நல்லது. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, நடிகருடன் ஒருமுறையும் வெற்றிடமாக ஒருமுறையும் எடுத்தால் பிறகு ஒட்டுவது எளிது. பிளெண்டர் இலவசம்; படத்தொகுப்புக்கும் நிறத்துக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். எட்வர்ட்ஸ் தம் படத்தின் வரைகலையைத் தாமே கணினியில் செய்தவர்.

முதல் முயற்சி ஐந்து நிமிடக் குறும்படமாக இருக்கலாம். உருகுவேயின் ஃபெடே அல்வாரெஸ் மோன்டெவிடியோவை இயந்திரங்கள் அழிப்பதாக 2009இல் இணையத்தில் வெளியிட்ட 'அட்டாகே டே பானிக்கோ' அந்த அளவுதான்; அதைப் பார்த்தே ஹாலிவுட் அவரைக் கூப்பிட்டது. திரையரங்குக்குக் கொண்டுபோவதானால் மலாய் வசனவரிகளைத் தொகுப்பின்போதே சேர்த்து, தணிக்கை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.