ஒயினும் சுருட்டும்: முதல் தடவை உக்கார்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு



டேர்ம் இன்சூரன்ஸ் வீடியோ போட்ட பிறகு ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். எண்ணூர் பக்கம் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில வேலை, வயசு 26. அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை கிளையன்ட் டின்னர் இருக்கும். சாப்பிட்டதும் ஒயினும் சிகாரும் வரும். எது எதோட சேரும்னு தெரியாம முழிக்கிறேன். இன்னொண்ணு, இன்சூரன்ஸ் ஃபார்ம்ல புகையிலை பழக்கம் இல்லைன்னு டிக் பண்ணிட்டேன். அது தப்பா?"

ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியலன்னா கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியலன்னா குடும்பத்துக்குக் கோடி ரூபாய் நஷ்டம். ரெண்டையும் பார்த்துடலாம்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். மதுவும் சரி, புகையிலையும் சரி, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவுல வச்சிருக்கற பொருட்கள். ரெண்டும் சேர்ந்தா வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து கூட்டலா ஏறாது, பெருக்கலா ஏறும். பழக்கம் இல்லாதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம். டின்னர்ல "எனக்கு வேண்டாம் சார், ஒரு லைம் சோடா போதும்"னு சொன்னதால யாருக்கும் அப்ரைசல் குறைஞ்சு நான் பார்த்ததில்ல.

சுருட்டு நமக்குப் புதுசு இல்ல

நான் திருவொற்றியூர்ல வளர்ந்தவன். எங்க தாத்தா வாசல் திண்ணையில உக்காந்து சுருட்டு பிடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. "சிகார்"னதும் நாம மிரளுறோம், ஆனா ஆங்கிலத்துல இருக்கற "செரூட்"ங்கற சொல்லே நம்ம "சுருட்டு"ல இருந்து போனதுதான். திருச்சி உறையூர் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் அந்தக் காலத்துல கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போச்சு. 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து அது திருச்சி சுருட்டுன்னு ஹோம்ஸ் கண்டுபிடிப்பார்.

ஒயினுக்கும் நம்ம கடற்கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. மெட்ராஸ்ல 1881 வரைக்கும் முறையான துறைமுகம் கிடையாது. கப்பல் கடல்லயே நிக்கும், மசூலா படகுல சரக்கு கரைக்கு வரும். அப்படி வந்ததுல மடெய்ரா ஒயினும் ஒண்ணு. மாசக்கணக்கா கப்பலோட அடித்தட்டுல வெயில்ல வெந்தா சாதாரண ஒயின் கெட்டுப்போகும். மடெய்ராவுக்கு மட்டும் அந்தச் சூட்டுல ருசி கூடிச்சு. அதனாலேயே இந்தியா வழியா சுத்தி வந்த பீப்பாய்க்குத் தனி மவுசு இருந்துச்சு.

எது எதோட சேரும்?

மூணு விஷயம் புரிஞ்சா போதும்.

1. கனத்துக்குக் கனம். சுருட்டோட மேல் இலை வெளிர் நிறமா இருந்தா பெரும்பாலும் ருசி மென்மையா இருக்கும். கரும்பழுப்பா இருந்தா ருசி அழுத்தமா இருக்கும். ஆனா நிறத்தை மட்டும் வச்சு காரத்தை முடிவு பண்ண முடியாது, பரிமாறுறவர்கிட்ட "மைல்டா, ஸ்ட்ராங்கா?"ன்னு கேட்டுடுங்க. மென்மையான சுருட்டுக்கு ஸ்பார்க்ளிங் ஒயின் சரியா வரும். ஸ்ட்ராங் சுருட்டோட வெள்ளை ஒயினைக் குடிச்சா தண்ணி குடிச்ச மாதிரிதான் இருக்கும்.

2. துவர்ப்பு மேல துவர்ப்பு வேண்டாம். சிவப்பு ஒயின்ல டானின் இருக்கும். வாழைப்பூவைப் பச்சையா மென்னா நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. சுருட்டுப் புகையும் வாயை வறளவைக்கும். ரெண்டும் சேர்ந்தா வாய்ல ஒண்ணுமே தெரியாது. புதுசா உக்கார்றவங்க பண்ற முதல் தப்பு இதுதான்.

3. கசப்புக்கு இனிப்பு. அதனாலதான் சிகாரோட போர்ட் ஒயின் தர்ற வழக்கம். நம்ம ராயபுரத்துக்காரங்களுக்குப் போர்ட்னா ஹார்பர். இந்தப் போர்ட், போர்ச்சுகல்ல போர்ட்டோங்கற ஊரோட பேர்ல வந்தது. திராட்சைச் சாறு புளிச்சுட்டு இருக்கும்போதே நடுவுல சாராயம் சேர்த்து நிறுத்திடுவாங்க, அதனால சர்க்கரை அப்படியே தங்கிடும். மரப்பீப்பாய்ல பல வருஷம் வச்ச "டானி" போர்ட்ல முந்திரி, வெல்லப்பாகு வாசனை வரும். அழுத்தமான சுருட்டுக்கு இதுதான் பொருத்தம். மடெய்ராவும் இதே கணக்குதான். சாதா ஒயின்ல 12-14% ஆல்கஹால்னா போர்ட்ல 20% கிட்ட இருக்கும். அதனால சின்ன கிளாஸ்ல, 60 மில்லி போதும்.

முறை என்னன்னா, பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒயினை ஒரு வாய் ருசி பாருங்க. புகை வந்தபிறகு நாக்கு மரத்துடும். சின்ன சைஸ் சுருட்டா கேளுங்க. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, வாயோட நிறுத்தணும், உள்ள இழுக்கக் கூடாது. ஆனா உள்ள இழுக்கலன்னா நிக்கோட்டின் ஏறாதுன்னு நினைக்காதீங்க. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, அதனால வாயோட தோல் வழியாவே ரத்தத்துல கலக்கும். ஒரு பெரிய சிகார்ல ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வெறும் வயித்துல, இதெல்லாம் தெரியாம ஒரு முழு சிகாரையும் உள்ள இழுத்து, மேல ரெண்டு கிளாஸ் சிவப்பு ஒயினும் குடிச்சேன். அந்த டின்னர்ல மீதி நேரம் நான் இருந்தது பாத்ரூம்ல. அதனால சொல்றேன்: சாப்பிட்டுட்டு உக்காருங்க, பக்கத்துல தண்ணி வச்சுக்கங்க, பாதியில வச்சுடறது மரியாதைக் குறைவு இல்ல.

பில்லுல என்ன இருக்கு?

பாட்டில்ல வர்ற வெளிநாட்டு ஒயினுக்கு அடிப்படைச் சுங்க வரி 50%, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 100%. சென்னைத் துறைமுகத்துல 1,000 ரூபாய் மதிப்புல இறங்கின பாட்டில், வெளிய வரும்போது 2,500 ரூபாய். அதுக்கு மேல மாநில வரி, லாபம், ஓட்டல் விலை எல்லாம் சேரும். 2022 டிசம்பர்ல அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்துல, பாட்டில் மதிப்பு 5 டாலருக்கு மேல இருந்தா இந்த 150% முதல்ல 100% ஆச்சு, 15 டாலருக்கு மேல இருந்தா 75% ஆச்சு. வருஷா வருஷம் இன்னும் குறையற மாதிரி ஏற்பாடு.

குடிக்கற மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் மட்டும்தான். அதனால ஓட்டல் பில்லுல ஒயின் மேல ஜிஎஸ்டி போட்டிருந்தா கேளுங்க. சர்வீஸ் சார்ஜும் கட்டாயம் இல்ல. சுருட்டு ஜிஎஸ்டிக்குள்ள வரும், அதுவும் உச்ச விகிதத்துல.

மாசம் ஒரு தடவை 2,500 ரூபாய் போகுதுன்னு வைங்க. வருஷத்துக்கு 30,000. அதையே எஸ்ஐபில போட்டு, 12% வருமானம்னு ஒரு அனுமானம் வச்சா, 10 வருஷத்துல சுமார் 5.8 லட்சம். "சந்தோஷமே கூடாதா சார்?"னு கேப்பீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா அது செலவு, மாசாமாசம்னா அது ஒரு இஎம்ஐ. எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.

இப்ப அந்த டிக் மார்க்

தம்பி, தப்புதான். சிகரெட் பிடிச்சாத்தான் ஸ்மோக்கர்னு இல்ல. ஃபார்ம்ல "எந்த வடிவத்திலாவது புகையிலை"ன்னு கேட்டிருந்தா சுருட்டு, பீடி, ஹான்ஸ், புகையிலை போட்ட பான் எல்லாமே அதுக்குள்ள அடங்கும். எத்தனை மாசத்துக்குள்ளங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வரி வரியாப் படிங்க. மெடிக்கல் டெஸ்ட்ல கோட்டினைன் பார்த்தா சில நாள் முன்னாடி பிடிச்சதும் தெரிஞ்சுடும்.

இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 45 என்ன சொல்லுது? பாலிசி தொடங்கி 3 வருஷத்துக்குள்ள, உண்மையை மறைச்சதா நிரூபிச்சா கம்பெனி பாலிசியை ரத்து பண்ணலாம். மோசடி இல்லன்னா கட்டின பிரீமியத்தைத் திருப்பித் தரணும். ஆனா குடும்பம் கேக்கறது பிரீமியத்தையா, கவரேஜையா? 3 வருஷம் தாண்டினா கேள்வி கேக்க முடியாதுங்கறது உண்மைதான். அதை நம்பி மறைக்கறது சூதாட்டம். முதல் 3 வருஷத்துல எதுவும் நடக்காதுன்னு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா?

ஒரு உதாரணத்துக்கு, பழக்கம் இல்லாதவருக்கு 12,000 பிரீமியம், இருக்கறவருக்கு 18,000ன்னு வைங்க. 30 வருஷத்துக்கு வித்தியாசம் 1.8 லட்சம். ஒரு கோடி கவர் உறுதியா கிடைக்கறதுக்கு இந்த 1.8 லட்சம் பெரிசில்ல. இதுல இருந்து தப்பிக்க இன்னொரு நேர்மையான வழி இருக்கு: சுருட்டைத் தொடாம இருக்கறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

- பாலிசி ப்ரப்போசல் ஃபார்ம் காப்பியை எடுத்து புகையிலை கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்குன்னு பாருங்க. ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் கையெழுத்து உங்களோடது.
- பதில் தப்புன்னா கம்பெனிக்கு மெயில்ல எழுதித் திருத்தச் சொல்லுங்க. பதிலைப் பத்திரமா வைங்க. புது பிரீமியம் முடிவாகற வரைக்கும் பழைய பாலிசியை நிறுத்தாதீங்க.
- தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகியிருக்கணும்.
- டின்னர் அன்னிக்கு பைக்கை எடுக்காதீங்க. குடிச்சுட்டு வண்டி ஓட்டினா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும். ராத்திரி எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிக்கு நடுவுல போறவங்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்ல. போதையில நடந்த விபத்துக்குப் பெரும்பாலான தனிநபர் விபத்து பாலிசி பணம் தராது.

அந்தத் தம்பி பதில் போட்டிருந்தார்: "ஃபார்மைத் திருத்த எழுதிட்டேன் அண்ணா. டின்னருக்குப் போவேன், போர்ட் ஒரு கிளாஸ், சுருட்டு வேண்டாம்னுட்டேன்." நல்ல கணக்கு. நீங்களும் உங்க ஃபார்மை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. ப்ரப்போசல் ஃபார்மைக் கேள்வி கேள்வியா எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.