விற்கும் வேளையில் எரியும் என்ஜின் விளக்கு

கேள்வி: ஐயா, எனது பெட்ரோல் கார் 2015ஆம் ஆண்டு வாங்கியது. சில வாரங்களாக டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது. ஆனால் ஓட்டத்தில் குறையொன்றும் தெரியவில்லை. வண்டியை விற்க எண்ணியிருக்கிறேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்த மெக்கானிக், 'பி0420' என்று வருகிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும், பெருந்தொகை ஆகும் என்கிறார். தரகரோ, ஸ்கேனரிலேயே அதை அழித்துவிட்டு அன்றைக்கே வண்டியைக் காட்டிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தரகரின் யோசனையை உடனே நிராகரித்துவிடுங்கள், மெக்கானிக்கின் தீர்ப்பையும், அதற்குரிய காரணம் விளங்கும் வரையில் அங்கீகரிக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

நம் தேசத்தில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு சேர்ந்து வந்து, 2013 ஏப்ரலில் மேலும் விரிவடைந்த ஓ.பி.டி. என்னும் சுயபரிசோதனை ஏற்பாடே அந்த விளக்கை ஏற்றுகிறது. புகையில் நச்சு வாயுக்கள் மிகுவதற்கு ஏதுவான கோளாறு எதையேனும் என்ஜினின் கணினி கண்டுகொண்டால், விளக்கை எரியவிடுவதோடு ஒரு குறியீட்டையும் தன் நினைவில் பதித்துக்கொள்கிறது. ஆனால், இரவில் நாய் குரைத்தால் வாசலில் யாரோ வந்திருப்பது தெரியுமேயன்றி வந்தவர் இன்னார் என்பது தெரியாததைப் போல, அந்தக் குறியீடு கோளாறு எத்திசையில் இருக்கிறது என்று காட்டுமே தவிர, மாற்ற வேண்டிய உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை.

உங்கள் பி0420 இதற்குச் சரியான திருஷ்டாந்தம். புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கின்றன. முன் சென்சாரின் அளவு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டரோ ஆக்சிஜனைத் தன்னுள் தேக்கி வைத்துத் தேவைக்கேற்ப விடுவதால், அது ஆரோக்கியமாக உள்ளவரையில் பின் சென்சாரின் அளவு பெரும்பாலும் நிதானமாகவே நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஏறி இறங்கத் தொடங்கும்போது, கன்வெர்ட்டரின் சக்தி குன்றிவிட்டதென்று கணினி அனுமானிக்கிறது. இது அனுமானமேயன்றிப் பிரத்தியட்சமன்று. ஏனெனில் புகைக்குழாயின் இணைப்பில் கசிவு ஏற்பட்டு வெளிக்காற்று உள்ளே நுழைந்தாலும், பின் சென்சாரோ அதன் ஒயரோ பழுதுபட்டாலும், இதே குறியீடு தோன்றக்கூடும். ஆகவே, குழாயில் கசிவு உண்டா என்று பார்த்தீர்களா, என்ஜினைச் சூடேற்றிவிட்டு இரண்டு சென்சார்களின் அளவுகளையும் ஸ்கேனரில் ஒப்பிட்டீர்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இல்லையென்றால், வேறொரு பட்டறையில் காட்டுவதற்குத் தயங்க வேண்டாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் சேர்ந்த அந்த உறுப்பு அனாவசியமாக மாற்றத் தக்க விலையுடையதன்று.

கன்வெர்ட்டரே கெட்டிருப்பது நிச்சயமானாலும், அதைக் கெடுத்தது எது என்ற விசாரணை மிச்சமிருக்கிறது. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கினாலோ பழுதான இக்னிஷன் காயிலினாலோ சிலிண்டரில் எரியாமற்போன பெட்ரோல், கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து அதன் உள்ளுறுப்பை உருக்கிவிடும். என்ஜின் ஆயிலைக் குடிக்கும் வண்டியிலோ, அந்த ஆயிலின் கசடு அதன்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். மூலகாரணத்தைத் தீர்க்காமல் புதிதாக ஒன்றைப் பொருத்தினால் அதுவும் அதே கதியை அடையும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுமானால், பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குச் சென்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வாங்க வந்தவருக்கு ஓட்டிக் காட்டுவதற்குக்கூட வண்டியை எடுக்கக் கூடாது.

இனி, அழித்துவிடும் யோசனைக்கு வருவோம். ஸ்கேனரால் அழித்தாலும் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும், குறியீட்டோடு கூடக் கணினி அதுகாறும் செய்து முடித்த பரிசோதனைகளின் முடிவுகளும் மறைந்து, அவையெல்லாம் இன்னும் நிறைவுறவில்லை என்ற நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. அழித்தபின் வண்டி ஓடிய கிலோமீட்டரைக்கூடப் பல கார்களின் கணினி எடுத்துச் சொல்லிவிடும். இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் ஒரு சிறு கருவியை ஸ்டீயரிங்கின் கீழுள்ள பதினாறு முனைச் சாக்கெட்டில் செருகி, கைபேசியிலேயே இவற்றைப் படித்துவிடலாம். விளக்கின் இணைப்பைத் துண்டிப்பவர்களும் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டியிருக்க, அது மட்டும் எரியாதபோது அந்தச் சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும்.

அகப்படாமல் தப்பினாலும் அது அதர்மமே. பழைய காரை வாங்குகிறவர் பெரும்பாலும் பல வருஷத்துச் சேமிப்பைத் திரட்டியோ கடன்பட்டோ தம் குடும்பத்துக்கு முதல் வண்டியை வாங்குகிறவர். சில நாட்களில் மறுபடி எரியும் விளக்கையும் அதன் செலவையும் அவர் தலையில் கட்டுவதை எந்த நியாயத்தைக் கொண்டும் சமாதானப்படுத்த முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை 17ஆம் பிரிவில் மோசடி என்றே வகுத்திருக்கிறது. புகைச் சான்றிதழ் கைவசம் இருப்பது இதற்கு மறுமொழியாகாது; அது அன்றைக்குக் குழாயில் வெளிவந்த வாயுவை அளந்ததற்குச் சாட்சியே தவிர, கணினியில் பதிந்துள்ள கோளாறுக்குப் பரிகாரமன்று.

பழுது கசிவோ, சென்சாரோ, பிளக்கோ எனில் செய்து முடித்துவிட்டே விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். எரியும் விளக்கைக் கண்டவுடன் வாங்குபவர் குறைத்துக் கேட்கும் தொகை, அந்தப் பழுதின் செலவைக் காட்டிலும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். பழுதைச் சரிசெய்தபின் குறியீட்டை அழிப்பதில் தோஷமில்லை; அழிக்காவிட்டாலும், பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். அழித்திருந்தால், ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஒரு வாரம் ஓட்டி, பரிசோதனைகள் யாவும் நிறைவுற்றதை ஸ்கேனரில் கண்டபிறகு வண்டியைக் காட்டுங்கள்.

கன்வெர்ட்டர்தான் குற்றவாளியென்று ருசுவாகி, அந்தச் செலவு உங்கள் சக்திக்கு மீறியதானால், விளக்கு எரிகிறபடியே விற்பதில் அவமானம் ஏதுமில்லை. ஸ்கேன் அறிக்கையையும் இரண்டு பட்டறைகளின் மதிப்பீட்டையும் வாங்குபவர் கையில் கொடுத்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். விற்பனைச் சீட்டில் குறியீட்டின் எண்ணையும், அது தெரிவிக்கப்பட்டே வண்டி விற்கப்பட்டது என்பதையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றின் நகல்களோடு ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.