மண்ணெண்ணெயில் மெழுகு எங்கே?

அம்பத்தூரில் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவு. உங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி, அடுத்த வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் உறவு என்பதைப் பெயரே சொல்கிறது!

கனடா நாட்டு நிலவியலார் ஆபிரகாம் கெஸ்னர் 1846-இல் நிலக்கரியைக் காய்ச்சி வடித்து, விளக்கெரிக்க ஓர் எண்ணெய் எடுத்துக் காட்டினார். கிரேக்க மொழியில் ‘கேரோஸ்’ என்றால் மெழுகு. அதிலிருந்து பிறந்ததே ‘கெரோசின்’. பொருத்தமான பெயர்தான். இரண்டுமே ஹைட்ரோகார்பன்கள். மண்ணெண்ணெய் மூலக்கூறில் ஏறத்தாழ 10 முதல் 16 கார்பன் அணுக்கள். மெழுகில் பெரும்பாலும் 20-க்கு மேல். சங்கிலி நீண்டால் மூலக்கூறுகளுக்கிடையே கவர்ச்சி மிகும். ஆகவே மெழுகு திண்மமாக நிற்கிறது, மண்ணெண்ணெய் ஓடுகிறது.

நம் சொல்லோ வேறு வேடிக்கை. எள் + நெய் = எண்ணெய். மண்ணெண்ணெயில் எள் ஏது? ஆனால் ‘மண்’ பிழையன்று. ‘பெட்ரோலியம்’ என்பதற்கும் இலத்தீனில் பாறையெண்ணெய் என்றே பொருள்.