நீரிழிவும் சோற்றுத் தட்டும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்க்கு ஒன்றைச் சுட்டிக்காட்டுவது என் வழக்கம். பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உணவின் அளவையும் பசியையுமே பேசுகின்றன. மருத்துவன் அதற்குப் பின்னரே வருகிறான். பல்லாண்டு இதனைக் கற்பித்த நான், குருதிப் பரிசோதனைத் தாள் என் கைக்கு வந்த பிறகே அதன் பொருளை உணர்ந்தேன்.

நீரிழிவு என்பது அறிகுறியால் அமைந்த பெயர். இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிதல் என்பன பொருள். மக்கள் வழக்கிலோ 'சர்க்கரை வியாதி' என்பதே நிலைபெற்றுவிட்டது. இப்பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது என்பேன். சர்க்கரையை விட்டால் நோயை வென்றோம் என எண்ணுகிறோம். இந்நோயால் பார்வை இழந்த என் வாப்பா, இறுதிவரை சர்க்கரையில்லாத் தேநீரே அருந்தினார். நானும் அவ்வழியே சென்றேன். விருந்தில் பாயசத்தை மறுத்து, அதற்கு ஈடாக நெய்ச்சோறு இன்னும் ஓர் அகப்பை இட்டுக்கொண்டேன்! மூன்று திங்கள் கழிந்தும் அளவு இறங்கவில்லை. பத்தியம் தவறவில்லையே என்று மருத்துவரிடம் வாதிட்டேன். "சோறு எவ்வளவு சார்?" என்று மட்டும் கேட்டார் அவர்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். ஒரு கோப்பைச் சோற்றிலோ மாவுச்சத்து ஏறத்தாழ 45 கிராம். அது செரித்தபின் குளுக்கோசாகவே குருதியில் கலக்கிறது. நண்பகலில் நான் உண்டது மூன்று கோப்பை. தேநீரில் ஒரு கரண்டியைத் துறந்தவன், முப்பதுக்கு மேற்பட்ட கரண்டிக்கு ஒப்பானதைத் தட்டில் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

சோற்றுக்கு மாற்றாகச் சப்பாத்தி எனக் கூறி ஐந்தாறு உண்பாரும், தேனும் கருப்பட்டியும் தீங்கில்லை என்பாரும் நம்மிடையே உளர். இவையும் குருதியில் சர்க்கரையை ஏற்றுவனவே. கேழ்வரகு நல்லதுதான், எனினும் கூழாகக் கரைத்துக் குடித்தால் விரைந்து செரித்துவிடுகிறது.

இப்போது என் தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ. எஞ்சிய காலில் சோறு. காயையும் மீனையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்டால், உணவுக்குப் பின் ஏறும் அளவு மட்டுப்படுகிறது. வீட்டில் இது எளிது. விருந்தில்தான் அரிது. தட்டின்மேல் கையை விரித்து மறைத்தாலும் விரலிடுக்கில் சோறு விழுகிறது. பெரியோர்கள் இவ்வற்புறுத்தலைச் சற்றே தளர்த்தலாகாதா?

நோன்புக் காலம் தனிக் கவனத்துக்குரியது. கஞ்சியும் அரிசியே, சர்பத்தோ நேரே சர்க்கரை. மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டு உடனே இனிப்பு உண்ண வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை அது; பிடிவாதத்துக்கு அங்கே இடமில்லை.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் என் அளவு 8.6 இலிருந்து 7.1 ஆயிற்று. மாத்திரை தொடர்கிறது, மருத்துவர் சொல்லாமல் அதனை நிறுத்துவதாக இல்லை. பிள்ளை வயிறார உண்பதில்லை என்று உம்மா மட்டும் இன்னும் வருந்துகிறார்கள்.