கதிர் மறையுமுன் பருகும் நீர்

இரவில் உணவும் நீரும் கொள்ளாத நோன்பினர் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் முதியோர் சிலர், விடியற்காலை நடைப்பயிற்சியின்போது சோர்வும் தலைச்சுற்றலும் உண்டாவதாகக் கூறுகின்றனர். நோன்பைத் தளர்த்துமாறு வீட்டார் வற்புறுத்துவதும் உண்டு. அதற்கு முன், பகலில் நாம் நீர் பருகும் முறையைச் சற்று ஆராய்வோம்.

கார்த்திகைத் திங்களில் சென்னையில் மாலை 5.40 மணியளவில் கதிர் மறைகிறது, மறுநாள் 6.15 அளவில் உதிக்கிறது. ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் நாம் நீரின்றி இருக்கிறோம். உதயத்திற்குப் பின்னும் இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், பொறுப்போர்க்கு இது இன்னும் நீளும். இந்நேரத்தில் மூச்சு, தோல், சிறுநீர் ஆகியவற்றின் வழியே அரை லிட்டருக்கும் மேலாக நீர் வெளியேறிவிடுகிறது. இந்நிலையில் விடியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் வியர்க்க நடந்தால், மேலும் அரை லிட்டர் குறையலாம். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 லிட்டர் நீரை இழந்தால் அது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அந்த அளவில் உடலின் உழைக்கும் திறன் குன்றத் தொடங்குகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது.

இதற்கு அஞ்சி, கதிர் சாயும் வேளையில் இரண்டு செம்பு நீரை ஒரே மூச்சில் பருகுவோரைக் காண்கிறோம். இதனால் பயன் சிறிது, தொல்லை பெரிது. உடலில் நீரைத் தேக்கி வைப்பது வாசோபிரசின் என்னும் சுரப்புநீர். திடீரென மிகுதியாக நீர் சேரும்போது அதன் சுரப்பு குறைகிறது. சிறுநீரகம் இரண்டொரு மணி நேரத்தில் மிகையானதை வெளியேற்றிவிடுகிறது. உறக்கம் இடையிடையே கலைகிறது. விடியலில் உடலில் எஞ்சுவதோ மிகக் குறைவு. முதுமையில் இரவுச் சிறுநீர் இயல்பாகவே மிகுதி. தாக உணர்வோ குறைவு. ஆகவே தாகம் எடுக்கட்டும் எனக் காத்திராமல், காலை முதலே வடித்துக் காய்ச்சிய நீரை மணிக்கு ஒரு தம்ளர் என்ற அளவில் பிரித்துப் பருகுதல் நன்று. மோர், ரசம், இளநீர், பழங்கள் ஆகியவையும் இக்கணக்கில் சேரும். பிற்பகலில் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பின் போதிய நீர் சேர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

நடைப்பயிற்சியின் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். காலையில் நீர் பருகி அரை மணி கழித்து நடக்கலாம். அன்றேல், கதிர் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக மாலை நடையை முடித்து, இழந்த நீரை ஈடுசெய்யலாம். பொன்னூர் மலை ஏறுவோரும் ஏறத் தொடங்குமுன் பருகிக்கொள்வது நலம். படியேறி இளைத்த பின் பருகுவது காலம் கடந்த செயல்.

மிகையும் தீதே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது மிகுதியாகப் பருகி எடை கூடியவர்களிடம் இக்குறை மிகுந்து காணப்பட்டது.

நீரும் தவிர்க்கும் உபவாச நாளில் நடைப்பயிற்சி வேண்டா. இதயம், சிறுநீரகம் பழுதுற்றோர் பருகும் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோர், அதனைக் காலையிலேயே கொள்ளலாமா என்பதையும் அவரிடம் கேட்டறிக. நேரத்தை மாற்றிய பின்னும் தலைச்சுற்றல் தொடருமாயின், அதற்கு வேறு காரணம் இருத்தல் கூடும். இரத்த அழுத்தத்தை உடனே சோதித்துக்கொள்க.