ஊதினால் வந்த வம்பு

கேள்வி: குடிக்காதவரையும் மூச்சுச் சோதனைக் கருவி ‘குடித்தவர்’ என்று காட்டினால் என்ன செய்வது? – வாசகர், அடையாறு

பதில்: சென்னையிலேயே நடந்திருக்கிறது. 2023 ஜனவரியில் இரவுச் சோதனையில் மறிக்கப்பட்ட ஒருவர், மதுவைத் தொடுவதே இல்லை என்றார். கருவியோ 45 என்றது. அவர் விடவில்லை, மறுபடி ஊதியபோது பூஜ்யம்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் கருவி ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சை அளந்து, பொதுவாக 2,100 மடங்கு என்ற சராசரிக் கணக்கில் ரத்த அளவைச் சொல்கிறது. மவுத்வாஷ் கொப்பளித்த கையோடு ஊதினாலும் எண் எகிறும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊதுகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம்.

‘ஊதவே மாட்டேன்’ என்று முறுக்கிக்கொள்வது மட்டும் வேண்டாம். குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அந்த மறுப்பும் வழக்கில் எதிராக நிற்கும்.

கைதானால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். ரத்தம் எடுத்தால் வக்கீல் துருவ வேண்டிய இடங்கள் நிறைய: ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா? ரத்தம் கெடாமலிருக்க குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருந்ததா? சீல் வைத்த குப்பி, மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போய்ச் சேரும்வரை யார் கையில் இருந்தது?

சாராய வாடையும் தள்ளாட்டமும் மட்டுமே போதாது என்று 1971-இல் பச்சுபாய் கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக, சோதனையே இல்லாவிட்டால் தப்பிவிடலாம் என்றும் இல்லை. 2021-இல் ஒரு இன்சூரன்ஸ் வழக்கில், மற்ற சூழ்நிலைகளை வைத்தே ஓட்டுநர் குடித்திருந்ததாக அதே நீதிமன்றம் முடிவுக்கு வந்தது.